பதினேழு சி

கீபோர்டில் ஆறாம் படி கத்துகிறது. எப்படி அமுக்கினாலும் கத்துகிறது, மெதுவாகத் தொட்டால் மெதுவாகக் கத்துகிறது. ஐந்தாம் படியைத் தொட்டால் கத்தல் இல்லை, ஆனால் அதில் சந்தோஷமும் இல்லை துக்கமும் இல்லை, யார் கல்யாணம் என்று தெரியாமல் மண்டபத்துக்குள் வந்துவிட்டவன் முழிக்கிற முழி. ஆறு கத்துகிறது, ஐந்து முழிக்கிறது, நான் இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். மணி பதினொன்றரை ஆகிவிட்டது. கோயிலில் ஆராதனை முடிந்து பதினொன்றுக்கெல்லாம் மாடிப்படியில் ஹெப்சிபா டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டுவிட வேண்டும். ஒரு காலை அழுத்தி மறு காலை மெதுவாக வைக்கிற நடை, இடது முழங்காலில் கோளாறு. கேட்கவில்லை. கேட்பதெல்லாம் கீழ்வீட்டுக் குக்கரும், அடுத்த தெருவில் தண்ணீர் லாரி பின்னால் வரும்போது பாடுகிற பாட்டும்தான், அதுவும் சுருதி சேராமல். வருவாள். வருவார் என்று சொல்ல வேண்டும். வாய்க்கு வாங்க, போங்க, டீச்சர். மனசு மட்டும் மரியாதை தெரியாத கழுதை, அவள் என்றுதான் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிற ஐம்பத்தாறு வயசுப் பெண்பிள்ளை, பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்தி ரிடையர் ஆன குற்றாலலிங்கம் என்கிற கல்யாணமாகாத கிழவனின் மேற்கு மாம்பலத்து மாடி அறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எதற்கு வந்துபோகிறாள் என்று கீழ்வீட்டுக்காரருக்கு ஒரு கேள்வி உண்டு. எதற்கென்று சொன்னால் நம்பமாட்டார். சொல்லியும் பார்த்தேன், நம்பவில்லை.

சொன்னது இதுதான். ஒரு ஸாவுக்கும் மேல் ஸாவுக்கும் நடுவில் கீபோர்டு செய்கிறவன் பன்னிரண்டு படி கட்டி வைத்திருக்கிறான். ஏன் பன்னிரண்டு, பதினேழு கட்டினால் என்ன, முப்பத்தொன்று கட்டினால் என்ன என்று கேட்கிற கிறுக்குகள் உலகத்தில் கொஞ்சம் பேர் இருக்கிறோம். இந்தக் கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு மாட்டிவிட்டால் எத்தனை படி வேண்டுமானாலும் கட்டலாம். படி கட்டுவது பெரிய காரியமில்லை, உட்காரவைப்பதுதான் காரியம். இழுத்துக் கட்டின கம்பி தானாகவே கொடுக்கிற சுரங்கள் இருக்கிறதே, அவையெல்லாம் விருந்தாளிகள், நாம் கட்டின படிகள் பந்தியில் போட்ட இலைகள். அவரவர் தனக்குக் கிட்டத்து இலையில் உட்கார வேண்டும், அதுதான் முறை. யாராவது ஒருவரை மட்டும் கிட்டத்து இலையை விட்டுவிட்டு அதற்கடுத்த இலையில் உட்காரவைத்தால், அதை எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து போட்டுச் சொல்லிவிடுவோம். பஞ்சமத்துக்கு எழுத்து பி, காந்தாரத்துக்கு சி. பதினேழு சி என்றால், பதினேழு படி கட்டு, எல்லாரையும் கிட்டத்தில் உட்காரவை, காந்தாரத்தை மட்டும் கிட்டத்தை விட்டு அடுத்ததில் உட்காரவை என்று அர்த்தம். ஒரு பக்கம் எழுத வேண்டியதை ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் சொல்லிவிடும். இந்தக் கிறுக்குகள் கூடுகிற இணையக் குழுவில் அந்த எழுத்துக்குப் பெயர் மரு. எண்ணின் உடம்பில் முளைத்த மரு. கீழ்வீட்டுக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அது சரி சார், அந்தம்மா எதுக்கு வர்றாங்க?" என்றார்.

அதே குழுவில்தான் நாங்கள் முட்டிக்கொண்டது. எவனோ பின்லாந்துக்காரனும் எவனோ பிரேசில்காரனும் அடித்துக்கொள்கிற இடத்தில் நான் ஏதோ எழுத, அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று ஒருத்தி எழுத, அந்த ஒருத்தி தாம்பரத்தில் இருக்கிறாள், சாயர்புரத்துக்காரி என்று தெரிந்தபோது நான் இந்த அறையில் தனியாகச் சிரித்தேன். என் தென்காசிக்கும் அவள் சாயர்புரத்துக்கும் என்ன தூரம், பின்லாந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். முதல் நாள் வந்தபோது என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "சார், இது என்ன, பியா சியா?" என்றாள். எனக்கு விளங்கவே கொஞ்சநேரம் ஆனது. என் கழுத்தில் ஒரு மரு இருக்கிறது. சின்ன வயசில் அம்மா குதிரைவால் முடியைச் சுற்றி இறுக்கிக் கட்டி விட்டாள், அறுந்து விழுந்துவிடும் என்று, முடிதான் அறுந்தது. யாருமே அதைப் பற்றிப் பேசினதில்லை, பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள். இவள் வந்து உட்கார்ந்த உடனே கேட்டாள். அன்றைக்கு ராத்திரி கண்ணாடியில் அதைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் இந்த ஊர் பஸ்களுக்கெல்லாம் மரு இருப்பதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் போகிற வண்டியின் எண்ணைப் பார்த்து மெசேஜ் அனுப்புவாள், இதில் பஞ்சமம் கெட்டுப்போச்சு, இதில் ஏறலாம், இதில் ஏறினால் காது போயிடும் என்று. வரவர வார்த்தைகள் குறைந்து எண்கள் மட்டும் ஆயின. அவள் பன்னிரண்டு என்று அனுப்பினால் பள்ளிக்கூடத்தில் வழக்கமான நாள், சொல்ல ஒன்றுமில்லை. முப்பத்தொன்று என்றால் நல்ல நாள், ஏனென்றால் முப்பத்தொன்றில் காந்தாரம் அப்படி இனிக்கும். அந்தக் காந்தாரத்தையே ஸாவோடு சேர்த்து இரண்டு சுரமாக வெட்டி அவள் போனுக்கு மெசேஜ் மணியாக நான் செய்து கொடுத்திருக்கிறேன். உலகத்தில் அந்தச் சத்தம் அடிக்கிற போன் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை மெசேஜ் வந்தது. "ஞாயிறு. 17c." அவ்வளவுதான், அது எங்களுக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பதினேழு சி கட்டி வையுங்கள். எத்தனையோ வாரமாக வராதவள், வராத ஞாயிறுகளை எண்ணக்கூடாது என்று நான் வைத்திருந்தேன், கணக்கு வாத்தியாருக்கு அது எவ்வளவு பெரிய விரதம் என்று யாருக்குத் தெரியும், அப்படிப்பட்டவளிடமிருந்து ஒரு மெசேஜ். உடனே கட்டினேன். வாசித்துப் பார்த்தேன். பதினேழில் காந்தாரத்தின் பாடு பெரும்பாடு. ஐந்தாம் இலைக்கும் ஆறாம் இலைக்கும் ஏறக்குறைய நட்டநடுவில் வந்து நிற்கும், ஒரு மயிரிழை ஐந்தின் பக்கம் சாய்ந்து. முறைப்படி ஐந்தில் உட்கார வேண்டும். சி போட்டால் ஆறில். ஆறோ கத்துகிறது. அதனால் பதில் எழுதினேன், உண்மையைத்தானே எழுத வேண்டும், "c வேண்டாம். 17 போதும்" என்று. கொஞ்சநேரம் கழித்து "சரி சார்" என்று வந்தது. சரி சார். அன்றைக்கு அது எனக்கு நிம்மதியாக இருந்தது, ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று. இன்றைக்குக் காலையிலிருந்துதான் அந்தச் சரி சார் நெருடுகிறது. ஹெப்சிபா எதையும் சரி என்று ஒத்துக்கொண்ட பிறவியா? ஏழு என்றால் எட்டு என்பவள், இல்லை சார், நீங்க கேக்கத் தெரியாம கேக்குதீங்க என்பவள். ஆறாம் படிக்காக ஒரு வார்த்தை வாதாடியிருக்க வேண்டாமா? சரி சார். வங்கிக்காரன் சொல்கிற சரி சார். எலெக்ட்ரீஷியன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போவதற்கு முன்னால் சொல்கிற சரி சார்.

கடைசியாக வந்த அன்றைக்கு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் மனசில் முள்ளாகக் கிடக்கிறது. நடந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வருத்தப்படலாம். நான் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு சுரத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன், அவள் அந்த ஜன்னல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் வீடு வாங்கிப் பல வருஷமாக அது முளைத்துக்கொண்டே இருந்தது, எத்தனை தடவை பஸ்ஸிலிருந்து எனக்குக் கைகாட்டியிருக்கிறாள். முடிஞ்சிட்டு சார், சாவி குடுத்துட்டான், கடல் தெரியுமாம். தம்பி பஹ்ரைன்லேர்ந்து வரமுடியாதுன்னுட்டான். சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணுவாரு, பிரதிஷ்டை ஆச்சு, ஆனா பால் காய்ச்சும்போது பக்கத்துல நிக்கன்னு ஒரு ஆளு வேணும்லா, அம்மா இருந்தா அம்மா நிப்பா. இதெல்லாம் காதில் விழுந்தது. விழுந்ததா என்றால் விழுந்தது, ஹெட்போனுக்குள் ஒரு சுரம், வெளியே அவள் பேச்சு, இரண்டும் சேர்ந்து விழுந்தது. நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எத்தனை தடவை யோசித்தும் பிடிபடவில்லை. அதற்கு அவள் சிரித்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார். பரவால்ல, இன்னொரு நாள் கேக்கேன்" என்றாள். சரி டீச்சர் என்றேன். நானும்தான் சரி என்று சொல்லியிருக்கிறேன். என்ன கேட்க வந்தாள் என்று அப்போது கேட்டிருந்தால் என்ன, நாக்கா தேய்ந்துவிடும்? ஆனால் அந்தச் சுரம் அப்போதுதான் ஒரு மாதிரி வந்து பொருந்துகிற மாதிரி இருந்தது.

பன்னிரண்டு ஆகப்போகிறது. வரமாட்டாளோ. போன மாதம் குளியலறையில் வழுக்கிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு முதலில் நினைத்தது என்ன தெரியுமா, எலும்பு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, இந்தக் கீபோர்டு. நான் கிடந்தால் தென்காசியிலிருந்து தங்கை வருவாள், அவள் மகன் வருவான், இதை எடுத்து எதையாவது அமுக்கிப் பார்ப்பான், மாமா வெச்சிருந்த கீபோர்டு ரிப்பேர் என்று சொல்லி எடைக்குப் போடுவான். ரிப்பேர் இல்லையடா, அது பதினேழு என்று சொல்ல இந்த ஊரில் ஓர் ஆள் உண்டு, ஒரே ஓர் ஆள். நான் எழுதுகிறதை வாசிக்கிறவள். இந்த அறையில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், இதற்கு முன்னால் எனக்குத் தனிமை என்று ஒன்று இருந்ததே தெரியாது, அவள் வர ஆரம்பித்த பிறகுதான் அவள் வராத நாட்களுக்கு ஒரு சத்தம் வந்தது. எனக்கு அவள் வேண்டும். இதை மனசுக்குள் சொல்லவே காது சூடாகிறது, கிழட்டுக் காது. வேண்டும் என்றால் என்ன அர்த்தத்தில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, நீங்க கேக்கத் தெரியாம கேக்குதீங்க என்று சொல்ல வேண்டும். அந்த அர்த்தத்தில். ஆறாம் படி. திரும்பவும் ஆறாம் படி. இதில் அவளுக்கு என்ன பிடித்திருக்கும்? காது கொடுத்துக் கேட்டால், கத்தல்தான், ஆனால் ஒரு வெளிச்சம் மாதிரி, ஜன்னலைச் சட்டென்று முழுசாகத் திறந்துவிட்டால் கண் கூசுமே அந்த மாதிரி. அதைச் சொல்லத்தான் சி போட்டாளோ. வேண்டாம் என்று வெட்டிவிட்டேனே. குதிரைமுடி கட்டி அறுத்த மாதிரி.

"சார்! மாடி சார்!" தெருவிலிருந்து யாரோ. எட்டிப் பார்த்தால் சாப்பாடு கொண்டுவருகிற ஆள், மோட்டார் சைக்கிளில் காலை ஊன்றிக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் முகம் வேர்த்து. நம் வீட்டுக்கு இல்லை, எனக்கு யார் சாப்பாடு அனுப்பப்போகிறார்கள். "நாலு சி எங்க சார்?" என்றான். நாலு சியா? நாலில் சியா? நாலு படி கட்டினால் அதில் காந்தாரம் உட்கார எங்கே இடம், கிட்டத்து இலையே ஊர்க்கோடியில் இருக்கும், அதையும் விட்டு அடுத்ததென்றால் எங்கே போவது? "நாலாப் பிரிச்சா என்னப்பா கேக்கும்?" என்று நான் நிஜமாகவே கேட்டுவிட்டேன், ஜன்னலில் நின்றுகொண்டு, சத்தமாக. அவன் மேலே பார்த்தான். "என்ன சார் கேக்கும், பிரியாணி சார். நாலாவது மாடி, சி. அந்தப் புது அப்பார்ட்மெண்டா இதுவா?" எதிரே இருக்கிற புதுக் கட்டிடத்தைக் காட்டினேன். அவன் போய்விட்டான். நான் கையை நீட்டினபடி நின்றேன். நாலாவது மாடி, சி. மாடிக்கு எண், கதவுக்கு எழுத்து. நாலு சி. பதினேழு. ஐயோ. முடிஞ்சிட்டு சார், சாவி குடுத்துட்டான், பதினேழாவது மாடி, கடல் தெரியுமாம். பதினேழு என்றாளே. ஹெட்போனுக்குள் அந்தச் சுரம், வெளியே பதினேழு. நான் என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் வந்துவிட்டது, வராமலே இருந்திருக்கலாம். "பதினேழு நல்லாத்தான் இருக்கும் டீச்சர், காந்தாரம்தான் தகராறு" என்றேன். அதற்குத்தான் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர.

ஞாயிறு. பதினேழு சி. வீட்டு நம்பர். தன் வீட்டு வாசலில் எங்கள் எண் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே, லிங்கம் சாருக்கு இது ஒன்று போதும், பிடித்துக்கொள்வார் என்று நம்பி எழுதியிருக்கிறாள். உலகத்தில் வேறு யாருக்கு எழுதினாலும் கதவு என்று புரிந்துகொண்டிருப்பான். பிரியாணிக்காரனுக்குப் புரியும். எனக்கு மட்டும்தான் அது காந்தாரம். அதற்கு நான், ஐயோ, என்ன எழுதினேன்? சி வேண்டாம். வேண்டாம் என்று எழுதினேன். பால் காய்ச்ச வாங்க என்று கூப்பிட்டவளுக்கு வேண்டாம் என்று. அவள் புரிந்துகொண்டிருப்பாள், இந்த மடையன் சுரம் என்று நினைத்துக்கொண்டான் என்று, சிரித்திருப்பாள், என் குணம் தெரியாதவளா. இல்லை, சிரித்துவிட்டு அப்புறம் சிரிப்பு நின்றிருக்கும், அன்றைக்கு நின்ற மாதிரி. நான் சுரம் என்றே நினைத்துக்கொண்டாலும், இல்லை சார், இது என் வீடு என்று ஒரு வரி எழுத அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எழுதவில்லை. அதை எழுதித்தான் ஒருத்தனை வரவழைக்க வேண்டுமென்றால் அவன் எதற்கு என்று விட்டிருப்பாள். சரி சார். இப்போது மணி பன்னிரண்டேகால், பால் பொங்கி முடிந்திருக்கும், பக்கத்தில் யார் நின்றது, ஐயர் நின்றாரா? சட்டை எங்கே. கீபோர்டை அணைக்கவில்லை. போகட்டும்.

ஆட்டோ கிடைக்காமல் பஸ் ஏறி, பஸ் மாறி, எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியின் நெற்றியிலும் எண்ணும் எழுத்தும், நான் ஒன்றையும் வாசிக்கவில்லை, வாசிக்கக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டால் மூடின கண்ணுக்குள்ளும் பதினேழு சி. போன் பண்ணலாம். பண்ணி என்ன சொல்வது, நாங்கள் போனில் பேசிக்கொண்டதே இல்லை, எண்தான். பக்கத்து சீட்டில் ஓர் அம்மா பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள், அவள் தலை என் தோளில் சாய்கிறது, நான் அசையவில்லை. வெறுங்கையோடு போகிறேன் என்பது இறங்கின பிறகுதான் உறைத்தது. பெட்டிக்கடையில் என்ன இருக்கும், ஒரு பாக்கெட் பால் வாங்கினேன், பால் காய்ச்சி முடித்த வீட்டுக்குப் பால், கொல்லன் தெருவுக்கு ஊசி. வாட்ச்மேன் நோட்டைத் திறந்துகொண்டு, "எந்த வீடு சார்?" என்றான். "பதினேழு சி" என்றேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை ஒரு வீடாக என் வாய் சொன்னது இதுதான் முதல் தடவை. "பால் காய்ச்சின வீடா? எல்லாரும் வந்துட்டுக் கெளம்பிட்டாங்களே சார், சாமியாரு கார்ல போனாரு." அந்தம்மா? "தெரியல சார், அவுங்களும் போனாப்லதான் இருந்துச்சு."

லிஃப்டில் ஆள் இல்லை. அது ஏறும்போது ஒரு முனகல், ஏதோ ஒரு சுரம், வேண்டாம், அது என்ன சுரம் என்று நான் யோசிக்கப்போவதில்லை. பதினேழில் திறந்தது. புது சிமெண்ட் வாசனை, பெயிண்ட் வாசனை. லிஃப்டுக்குக் கிட்டத்தில் இருக்கிற கதவில் பி என்று போட்டிருந்தது. அதை விட்டு அடுத்தது சி. கிட்டத்தை விட்டு அடுத்தது. நான் நடைவழியில் நின்று கொஞ்சம் சிரித்தேன், யாரும் இல்லை என்பதால் சத்தமாகவே. சி கதவு சாத்தியிருந்தது. நிலையில் மாவிலை இல்லை, அவர்களுக்குக் கிடையாது, ஒரு பைபிள் வசன அட்டை மாட்டியிருந்தது, கீழே நிறையப் பேர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன செருப்புகளின் மண் மட்டும். அழைப்பு மணி இருக்க வேண்டிய ஓட்டையில் இரண்டு ஒயர் தொங்கியது. தட்டினேன். தட்டினது எனக்கே கேட்கவில்லை, கீழே எந்த மாடியிலோ டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை தட்டலாம். போய்விட்டாள் என்றால் எவ்வளவு தட்டினாலும் போய்விட்டாள்தானே. மாடிப்படியில் உட்கார்ந்தேன், பால் பாக்கெட் மடியில் வேர்க்கிறது. நடைவழிக் கோடியில் ஒரு சின்ன ஜன்னல், அதில் கடல் தெரிந்தது. சொன்னது நிஜம்தான். வெறும் ஒரு கோடுதான், ஆனால் கடல்.

போனை எடுத்து "17c" என்று எழுதினேன். வந்துவிட்டேன், உங்கள் வாசலில் இருக்கிறேன் என்று அர்த்தம். அப்புறம் பார்த்தால் பயம் வந்தது. அவள் இதை எப்படி வாசிப்பாள்? பிடிவாதக்காரக் கிழவன் மூன்று நாள் யோசித்துவிட்டு ஆறாம் படிக்கு ஒத்துக்கொண்டான் என்று வாசிப்பாள். திரும்பவும் சரி சார் என்று வரும். என் கண்ணெதிரே நாங்கள் இரண்டுபேரும் ஓர் எண்ணுக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தோம். அழித்தேன். சியை முதலில், அப்புறம் ஏழை, அப்புறம் ஒன்றை. வெற்று இடத்தில் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. அவளுக்கு நான் ஒரு முழு வாக்கியம் எழுதி எவ்வளவு காலம் ஆகிறது, எழுதியிருக்கிறேனா. "டீச்சர், நான் உங்க வீட்டு வாசல்ல உக்காந்திருக்கேன். எனக்குப் புரியல, இப்பத்தான் புரிஞ்சுது. என்ன கேக்கணும்னு இருந்தீங்களோ அதக் கேளுங்க." இதில் மூன்று வாக்கியம் இருந்தது. ஒன்றை வெட்டலாமா என்று பார்த்தேன், வெட்டவில்லை. அனுப்பினேன்.

டைல்ஸ் சத்தம் நின்ற நேரம் பார்த்து, கதவுக்கு அந்தப் பக்கம், இரண்டு சுரம் கேட்டது. முப்பத்தொன்றின் காந்தாரம், நான் வெட்டிக்கொடுத்தது, காலி வீட்டில் எதிரொலித்து. நான் எழுந்துவிட்டேன். பால் பாக்கெட் கீழே விழுந்தது, உடையவில்லை. உள்ளே வாசிக்கிறாள், மூன்று வாக்கியத்தையும் வாசிக்கிறாள். அப்புறம் ஒரு காலை அழுத்தி மறு காலை மெதுவாக வைக்கிற நடை, கதவு வரைக்கும் வந்து நின்றது.

"சார்," என்றாள் உள்ளேயிருந்து. "கதவு சும்மா சாத்தித்தான் இருக்கு. காலையிலேர்ந்து பூட்டவே இல்ல."